கோழித் தீவன மூட்டையில் ஒரு சிங்கி: கடல் உயிரினத்தைப் பதிவு செய்வது பற்றி தருமபுரியில் கேட்ட கேள்விகள்

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, விருப்பமுள்ள பிளஸ் டூ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரூர், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகக் கடலூர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்வருவது வழக்கம். இந்த முறை கிளம்பும் முன்பே கேள்விகள் குவிந்துவிட்டன. காரணம் ஒரு கோழித் தீவன மூட்டை. பாலக்கோடு பக்கம் சின்னதாகக் கோழிப்பண்ணை வைத்திருப்பவரின் மகள், தீவனத்தோடு அரைக்க வந்த காய்ந்த மீன் குவியலில் இருந்து ஏதோ ஓர் உயிரியின் மேலோட்டை எடுத்துவந்து என் மேசையில் வைத்தாள். உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும். பலகை மாதிரி தட்டை, மேலெல்லாம் சொரசொரப்பு. "சார், இது நண்டா?" என்று கேட்டாள். அதிலிருந்து கிளம்பிய கேள்விகள்தான் இவை. பிள்ளைகளும் பெற்றோரும் உடன் வேலை செய்யும் ஆசிரியர்களும் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அது நண்டு இல்லை என்றால் வேறென்ன?

சிங்கி இறால். அதில் தட்டையான வகை. சிங்கி என்றதும் சாட்டை மாதிரி இரண்டு நீள மீசையோடு, முள் முள்ளாக இருக்கும் பெரிய இறால்தான் பலருக்கும் நினைவு வரும். அது முள் சிங்கி. இதற்கு அந்த மீசை நீளவே இல்லை. முகத்துக்கு முன்னால் இரண்டு அகலத் தகடுகளாக விரிந்து கிடக்கும். மண்வெட்டியின் வாய் போல என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆங்கிலத்தில் இதை ஸ்லிப்பர் லாப்ஸ்டர், அதாவது செருப்பு இறால் என்கிறார்கள். நம் கரையில் ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால், இங்கே தட்டைச் சிங்கி என்றே எழுதுகிறேன். அறிவியலில் இது சில்லாரிடே குடும்பம். உலகக் கடல்களில் ஏறத்தாழ 90 இனங்கள் உண்டு. சில இனங்கள் கட்டைவிரல் நீளம்கூட வராது, சிலவற்றைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். நண்டுக்கு இருப்பது போன்ற பெரிய கொடுக்கு எதற்கும் கிடையாது.

உயிரோடு கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் இறுக்கம். வாலை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். தொட்டால் படீரென்று வாலை அடித்துப் பின்பக்கமாகத் தாவும். ஓட்டின் மேல் மணலும் சேறும் அப்பியிருக்கும், ஏனென்றால் பகலில் அது மணலுக்குள் புதைந்து கிடப்பது. கழுவினால் அடியில் பழுப்பும் செம்மையும் கலந்த நிறம் வரும். அந்த நிறம் முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

மேசைக்கு வந்த ஓடு எந்த இனம்?

கண் குழியைப் பார்த்தேன். ஓட்டின் முன்பக்க மூலைகளில், இதற்கு மேல் வெளியே போக இடமில்லை என்னும்படி ஓரத்திலேயே இரண்டு குழிகள். அப்படி இருந்தால் அது தீனஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் குழு. இந்தியக் கரையில் விற்பனைக்கு வரும் தட்டைச் சிங்கி இதுதான், அரிய உயிரி இல்லை. ஆனால் தீனஸுக்குள் எந்த இனம் என்று இந்த ஓட்டை வைத்துச் சொல்ல முடியாது. காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

2007 வரை உலகத்தில் தீனஸ் ஒரே இனம்தான், அதன் பெயர் தீனஸ் ஓரியன்டாலிஸ் என்று பெரும்பாலோர் எழுதிவந்தார்கள். அந்த ஆண்டு பர்ட்டன், டேவி என்ற இரு ஆய்வாளர்கள் பல நாட்டு அருங்காட்சியக மாதிரிகளை ஒப்பிட்டு, அது ஐந்து இனம் என்று பிரித்தார்கள். அப்புறம் நம் பக்கத்து மாதிரிகளைத் திரும்பப் பார்த்ததில், இத்தனை காலம் ஓரியன்டாலிஸ் என்று எழுதியதில் பெரும்பகுதி தீனஸ் யூனிமாகுலேட்டஸ் என்று தெரிந்தது. 'ஒற்றைத் திட்டு உடையது' என்று பொருள். காலின் அகன்ற கணுவின் உட்பக்கத்தில் ஊதாத் திட்டு இருக்கும். எங்களுக்குக் கிடைத்த ஓட்டில் காலும் இல்லை, நிறமும் இல்லை.

கடலே இல்லாத மாவட்டம் இது. நமக்கு இதில் என்ன வேலை?

இதை ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி, பேருந்துச் செலவு அவருடையது.

ஆடிப்பெருக்குக்கு இருமத்தூரிலும் அனுமன்தீர்த்தத்திலும் நாம் முழுக்குப் போடும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, சாத்தனூரைத் தாண்டி, கடலூர் பக்கம்தான் கடலில் சேர்கிறது. ஒகேனக்கல்லில் விழும் காவிரி பூம்புகாரில் சேர்கிறது. நாம் ஆற்றில் விடுவது அங்கே போகிறது. அங்கே வலையில் விழுவது காய்ந்து, பொடியாகி, கோழித் தீவனமாக இங்கே வருகிறது. பாலக்கோட்டில் முட்டை வாங்குகிறவருக்கும் வங்கக் கடலின் அடிமண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம், வரைபடத்தில் தெரிவதைவிடக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. கடலோரப் பிள்ளைக்குத் தினமும் பார்த்துப் பழகிய குவியல், நம் பிள்ளைக்குப் புதுசு. ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்கும், பெயர் கேட்கும். அந்தக் கண்ணுக்கு மதிப்பு இருக்கிறது என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

'அரிய இனம்' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடலில் எண்ணிக்கையே குறைவாக இருப்பது ஒன்று. நம் வலைக்கு அகப்படாமல் இருப்பது வேறொன்று. பாரிபாக்கஸ் அன்டார்க்டிகஸ் என்ற தட்டைச் சிங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பவளப் பாறை இடுக்கில் பகல் முழுக்கப் பதுங்கியிருந்து இரவில் வெளியே வருவது. கடலடியை ஒட்டி இழுத்துப்போகும் வலையான இழுவை மடி பாறையில் ஓடாது, ஓடினால் கிழிந்துவிடும். அதனால் இந்தியாவில் அது எப்போதாவதுதான் கையில் கிடைக்கிறது. உலக அளவில் பார்த்தால் வெப்பக் கடல்களில் பரவலாக இருக்கும் இனம்தான். அதன் பெயரில் அன்டார்க்டிகா இருக்கிறதே என்று ஒரு பையன் கேட்டான். அந்தப் பனிக்கடலில் அது வாழ்வதே இல்லை. 1793இல் வைத்த பெயர். விலங்குப் பெயரிடல் விதிப்படி, பொருள் பிசகினாலும் முதலில் முறையாக வைத்த பெயர்தான் நிற்கும்.

சில இனங்கள் உருவத்தில் சிறிது, ஐந்தாறு சென்டிமீட்டர்தான். பெட்ரார்க்டஸ் ருகோசஸ் அப்படி ஒன்று. விற்பனை மதிப்பு இல்லாததால் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, நேராகக் கழிவுக் குவியலுக்குப் போகும்.

மூன்றாவது வகைதான் மனதை வருத்துவது. நிறைய இருந்ததைப் பிடித்துப் பிடித்து அரிதாக்குவது. மும்பைக் கடலில் தீனஸ் நன்றாகக் கிடைத்த காலம் உண்டு. 1994 வாக்கில் அந்த மீன்பிடிப்பு அடியோடு சரிந்தது. முட்டை சுமந்த தாய்களும் வளராத குட்டிகளும் இழுவை மடியில் சேர்ந்தே வந்ததுதான் பெரிய காரணம். 2003இல் மத்திய அரசு, 150 கிராமுக்குக் குறைந்த தட்டைச் சிங்கியை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அளவு வைத்தது. அந்த அளவு ஏற்றுமதிக்குத்தான். கழிவுக் குவியலில் போகும் குட்டிக்கு எடை பார்ப்பவர் யாரும் இல்லை. எங்கள் மேசைக்கு வந்த ஓடும் அப்படிப்பட்ட குட்டியுடையதுதான்.

'முதல் பதிவு' என்றால் புதிய இனம் கண்டுபிடித்ததாக அர்த்தமா?

இல்லை. உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த இனம், இந்தக் கரையில் இருப்பதாக முதல்முறை ஆதாரத்தோடு எழுதப்படுவதுதான் முதல் பதிவு. புதிய இனம் என்றால் இதுவரை யாரும் பெயரிடாதது. செய்தித்தாளில் இரண்டையும் கலந்து எழுதிவிடுகிறார்கள், பிள்ளைகளும் அப்படியே நம்பி வருகிறார்கள்.

துறைமுகத்தில் எங்கே போய்த் தேடுவது?

ஏலம் நடக்கும் இடத்தில் இல்லை. அங்கே வஞ்சிரமும் கணவாயும் பெரிய இறாலும் இருக்கும், வேகமும் கூச்சலும் இருக்கும். ஏலம் அடங்கிய பிறகு, விசைப்படகில் இருந்து கடைசியாகக் கொட்டுகிறார்களே, அந்தக் குவியல்தான் நமக்கு. சின்னக் காரப்பொடி, நசுங்கிய நண்டு, கடல் நட்சத்திரம், சங்கு, கடல் பேனா எல்லாம் சேற்றோடு கலந்து கிடக்கும். காய வைத்து மீன் தூளுக்கும் தீவனத்துக்கும் போகும் குவியல் அது.

குவியலைக் கேட்காமல் தொடக் கூடாது. அது ஒருவருடைய பொருள், அதற்கும் விலை உண்டு. பிரித்து அள்ளிக்கொண்டிருக்கும் பெண்களிடம் "அக்கா, படிக்கிற பிள்ளைங்க, கொஞ்சம் கிளறிப் பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும். போன முறை அவர்களில் ஓர் அக்கா, பிள்ளைகள் கிளறும் விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்படித் தேடினா முள்ளு குத்தும்" என்று ஒரு தகரத் துண்டை எடுத்து எப்படிப் புரட்டுவது என்று காட்டினார். அவர் இரண்டு புரட்டில் எடுத்துப் போட்ட குட்டிச் சிங்கியை எங்களில் ஆறு பேர் பார்த்தும் பார்க்காமல் தாண்டியிருந்தோம். சேற்று நிறத்தில் சேற்றோடு கிடந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அப்போது போய்ப் பயனில்லை. மற்ற நாட்களில் விடியும் முன்பே கரையில் இருக்க வேண்டும்.

வித்தியாசமாக ஒன்று கிடைத்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

கழுவி, உடனே படம் எடுங்கள். முதுகுப்பக்கம், வயிற்றுப்பக்கம், முகம், கால்களின் உட்பக்கம், வால் விசிறி, எல்லாம் தனித்தனியாக. பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். நிறம் சில மணி நேரத்தில் மங்கும், கெடாமல் வைக்கும் மருந்தில் போட்டால் சுத்தமாகப் போய்விடும். தீனஸ் கதையில் பார்த்தோமே, ஓர் ஊதாத் திட்டுதான் இனத்தையே பிரித்துக் காட்டுகிறது.

அப்புறம் படகு டிரைவரிடம் போக வேண்டும். எந்தத் திசையில், எத்தனை பாகம் ஆழத்தில் மடி இழுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 1.8 மீட்டர். பல படகுகளில் ஜிபிஎஸ் இருக்கிறது, கேட்டால் இடத்தின் எண்களையே சொல்வார்கள். அடியில் மணலா சேறா என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் அங்கேயே, அப்போதே எழுத வேண்டும். வண்டியில் ஏறின பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பாகம் மறந்துபோகும்.

எழுதுவது பென்சிலால். இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலூரில் இருந்து ஒரு சின்னத் தட்டைச் சிங்கியைக் கொண்டுவந்து பாட்டிலில் போட்டேன். முதல் வயிற்றுக் கணுவில் இரண்டு கறுப்புப் பொட்டுகள், கண் மாதிரி. அதுவரை நான் பார்த்திராதது. சீட்டில் தேதி, இடம், ஆழம் எல்லாம் அழகாக எழுதி உள்ளே போட்டேன், பேனாவில். அடுத்த பருவத்தில் பாட்டிலைத் திறந்தால் சீட்டு வெள்ளையாக இருந்தது. மருந்து இளநீலமாகியிருந்தது. பொட்டுகளும் போயிருந்தன. படம் எடுத்துவைக்கவில்லை. அந்த உயிரி இன்னும் என் ஆய்வகத்தில் இருக்கிறது. எந்த நாளில், எந்த ஆழத்தில் இருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது ஒரு பதிவாக ஆகியிருக்கலாம் என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்கு உண்டு.

ஃபார்மலினில் போடுவதா, ஆல்கஹாலில் போடுவதா?

முதலில் ஒரு காலை மட்டும் எடுத்து, தனிக் குப்பியில் 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். அது டிஎன்ஏவுக்கு. ஃபார்மலின் பட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். உடலை 10 சதவீத ஃபார்மலினில், அதாவது கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு என்று கலந்து சில நாள் வைத்து, கழுவி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றலாம். ஃபார்மலினைப் பிள்ளைகள் கையாள நான் விடுவதில்லை. கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல். பெரியவர்கள்கூடக் கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில்தான் தொட வேண்டும். மருந்து எதுவும் கையில் இல்லையென்றால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி ஊர்வரை கொண்டுவந்து உறைபெட்டியில் வைத்தாலே போதும்.

ஆண், பெண் எப்படிப் பார்ப்பது?

திருப்பிப் போட்டு நடக்கும் கால்களின் அடியைப் பாருங்கள். இனப்பெருக்கத் துளை மூன்றாம் ஜோடிக் காலடியில் இருந்தால் பெண், ஐந்தாம் ஜோடியில் இருந்தால் ஆண். பெண் முட்டையை வாலுக்கு அடியில் கொத்தாகச் சுமக்கும். உயிரோடு முட்டை சுமந்தது கிடைத்தால், படம் மட்டும் எடுத்துக்கொண்டு கடலில் விடச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பேன். சில டிரைவர் அண்ணன்கள் ஒப்புக்கொள்வார்கள்.

குட்டி எப்படி இருக்கும்? கடலில் அது எங்கே வளர்கிறது?

இந்தக் கேள்வியைப் பாலக்கோட்டுப் பெண்தான் கேட்டாள். இந்த உயிரியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

முட்டையில் இருந்து வருவது அம்மாவைப் போல இருக்காது. கண்ணாடி இலை ஒன்றுக்குச் சிலந்திக் கால் முளைத்தது போல, முற்றிலும் ஒளி ஊடுருவும் ஒரு தட்டை உயிரி. பெயரே ஃபில்லோசோமா, 'இலை உடல்' என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் தனி விலங்கு என்றே நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். சிங்கியின் குழந்தைப் பருவம் என்று பிறகுதான் புரிந்தது. தட்டைச் சிங்கிகளில் சில இனங்களின் ஃபில்லோசோமா, சொறி மீன் மேல் ஏறிக்கொண்டு சவாரி போகும். போகிற வழியில் அந்தச் சொறியையே தின்னவும் செய்யும். தீனஸுக்கு இந்தப் பருவம் ஏறத்தாழ ஒரு மாதம். முள் சிங்கி இனங்களில் பல மாதங்கள் நீளும். மிதந்து திரிந்து, பல முறை தோல் உரித்து, கடைசியில் பெரியதின் சாயல் கொண்ட குட்டியாக மாறி அடிமண்ணில் இறங்குகிறது.

ஓர் இனம் திடீரென்று புதுக் கரையில் தென்படுவதற்கு இந்தப் பருவமும் ஒரு வழி. கடலோட்டம் தூக்கிக்கொண்டு போன இடத்தில் இறங்கியிருக்கலாம். இல்லை, காலங்காலமாக அங்கேயே இருந்து நாம் பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஒரே ஒரு மாதிரியை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. அதனால்தான் அடுத்தடுத்த ஆண்டும் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

இனத்தின் பெயரை நாமே உறுதி செய்யலாமா?

பேரினம் வரைக்கும் நாமே போகலாம். கண் எங்கே இருக்கிறது, மீசைத் தகட்டின் ஓரத்தில் எத்தனை பல், ஓட்டின் ஓரத்தில் வெட்டு இருக்கிறதா, இவை போதும். ஹோல்துயிஸ் என்ற டச்சு அறிஞர் 1991இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக எழுதிய உலகச் சிங்கி இறால் கையேட்டில் கோட்டுப் படத்தோடு கொடுத்திருக்கிறார். சின்ன இனங்களை அவரே 2002இல் பல பேரினங்களாகப் பிரித்தார். அதற்குப் பிறகு வேண்டியது தேர்ந்த கண். எடுத்துவைத்த காலில் இருந்து சிஓஐ என்ற மரபணுத் துண்டைப் படித்து ஒப்பிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒப்பிடும் தரவுத்தளத்திலேயே பழைய பெயர் தவறாக ஒட்டியிருந்தால் விடையும் தவறும். உடலையும் மரபணுவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாதிரியை எங்கே கொடுப்பது? நம் பெயர் வருமா?

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, கடலூரில் இருந்து பக்கம். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் பிரிவும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவும் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். மாதிரிக்கு ஒரு எண் போட்டுப் பாதுகாப்பார்கள். அந்த எண் இருந்தால்தான் ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் சந்தேகப்பட்டாலும் எடுத்துப் பார்க்க முடியும். பள்ளி அலமாரியில் இருந்தால் அது நடக்காது.

சேகரித்தவர் பெயர் சீட்டில் இருக்கும். கட்டுரையில் பெயர் சேர்ப்பது எழுதுபவரைப் பொறுத்தது. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: படகு டிரைவருக்கும், குவியலில் இருந்து எடுத்துக் கொடுத்த அக்காவுக்கும் சம்மதம் கேட்டு, அவர்கள் பெயரையும் நன்றியில் எழுதுங்கள்.

செல்போன் செயலியில் படம் போட்டால் பதிவு ஆகாதா?

போடுங்கள், நல்லதுதான். இடமும் தேதியும் சரியாக இருந்தால் ஆய்வாளர் கண்ணில் படும். ஆனால் தருமபுரியில் வீட்டுக்கு வந்து படத்தை ஏற்றும்போது, செயலி இடம் என்று தருமபுரியைப் பதிந்துவிடக்கூடும். அதைக் கையால் மாற்ற வேண்டும்.

அனுமதி ஏதும் வேண்டுமா?

துறைமுகத்தில் ஏற்கெனவே இறங்கிய, கழிவுக்குப் போகிற ஒன்றை உரியவரிடம் கேட்டு வாங்குவது ஒரு விஷயம். நாமே கடலில் இறங்கிப் பிடிப்பது வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே எதையும் எடுக்கக் கூடாது. குவியலில் கடல் குதிரையோ கடல் அட்டையோ இருந்தால் தொடாதீர்கள், அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

சாப்பிடலாமா?

தீனஸைச் சாப்பிடுகிறார்கள். வால் சதை இனிப்பாக இருக்கும்.

மேசைக்கு வந்த ஓட்டை வைத்துப் பதிவு போட முடியுமா? அது இப்போது எங்கே?

முடியாது. அந்த மூட்டை எந்தக் கரையில் கட்டியது என்று பண்ணைக்காரருக்குத் தெரியவில்லை. அவருக்கு விற்றவரும் இரண்டு மூன்று ஊரில் இருந்து வாங்கிக் கலப்பவர்.

ஓட்டைப் பஞ்சு வைத்த ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறோம். சீட்டை அந்தப் பெண்ணே எழுதினாள், பென்சிலில்: "தீனஸ். இனம் தெரியாது. கடல் தெரியாது. கோழித் தீவன மூட்டை, பாலக்கோடு பக்கம்." கீழே தேதி. கடலூருக்குப் போகும் பையில் இந்தத் தீப்பெட்டியும் வருகிறது, குவியலில் கிடைப்பதோடு கண் குழியை ஒப்பிட்டுப் பார்க்க.